பிட்சானின் கோல்கள் விழுந்த ஊர்கள்

வியாழன், வியன்னா

2021 ஜனவரியில் ரொனால்டோ யுவென்டஸுக்காக 760வது கோலை அடித்தபோது, உலகத்திலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான் என்று எல்லா டிவியிலும் சொன்னார்கள். அவர் முந்தியதாகச் சொல்லப்பட்ட ஆள் யோசெஃப் பிட்சான், 1931 முதல் 1955 வரை ஆடிய, வியன்னாவில் பிறந்த செக் குடும்பத்து வீரர். நம்மூர்ச் செய்திகளில் அவர் பெயர் பைகன், பிக்கான் என்று வாய்க்கு வந்தபடி வந்தது. சில நாட்களிலேயே செக் கால்பந்துச் சங்கம், அதெல்லாம் இல்லை, எங்கள் ஆள் 821 கோல் அடித்திருக்கிறார் என்று கணக்கை நீட்டியது. பழைய ஆட்டங்களின் புள்ளிவிவரத்தைத் தேடித் தொகுக்கும் ஆர்வலர்கள் இன்னொரு பக்கம் 805 என்றார்கள். 2022 மார்ச்சில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ரொனால்டோ மூன்று கோல் அடித்து அந்த 805-ஐயும் தாண்டியபோதும் சண்டை ஓயவில்லை.

எனக்கு ரொனால்டோவா பிட்சானா என்பதில் பெரிய ஆர்வம் இல்லை. ஒருவர் எண்ணி இன்னொருவர் எண்ணாமல் விட்ட அந்தக் கோல்கள் எங்கே விழுந்தவை என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. தோண்டிப் பார்த்தால் ஒவ்வொரு தகராறும் ஒரு ஊரைக் காட்டுகிறது. ரேப்பிட் கிளப்பின் அமெச்சூர் அணிக்கு அடித்தவற்றைச் சேர்க்கலாமா என்றால் அது வியன்னா. போர்க்கால லீகைச் சேர்க்கலாமா என்றால் அது பிராக். இரண்டாம் டிவிஷன் கோல்களுக்கு ஹ்ராடெட்ஸ் க்ராலோவே என்ற செக் ஊர். சரி, ரயில் டிக்கெட் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

இன்று ஃபாவோரிட்டன். வியன்னாவின் பத்தாவது வட்டாரம். மெட்ரோவில் ரெய்மன்பிளாட்ஸில் இறங்கினால் எதிரே பழைய பொதுக் குளியலகம், பக்கத்தில் டிஷி ஐஸ்கிரீம் கடை, அதன் முன்னால் நீண்ட வரிசை. மாளிகையும் இசையும் பார்க்க வியன்னா வருகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. இப்போது துருக்கியர்கள், செர்பியர்கள், சிரியர்கள் நிறைந்த பகுதி. நூறு வருடம் முன்பு இங்கே காதில் விழுந்திருக்கக்கூடியது செக் மொழி. 1900 கணக்கெடுப்பில் வியன்னாவில் செக் பேசுகிறவர்கள் என்று பதிவானவர்களே லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் பொஹீமியா, மொராவியா கிராமங்களிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து, பிழைக்க வந்தவர்கள். ஆண்கள் தையல், செருப்பு, கட்டட வேலைக்கும் பெண்கள் சமையல் வேலைக்கும் போனார்கள். குடும்பம் குடும்பமாக வீனர்பெர்க் செங்கல் சூளைகளுக்குப் போனவர்களும் உண்டு. வியன்னாவின் பெரிய கட்டடங்கள் பலவும் அந்தச் சூளைச் செங்கலில் எழுந்தவை. 1888இல் விக்டர் ஆட்லர் என்ற மருத்துவர் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, இங்கே மனிதர்களை அடிமைகளாக வைத்திருக்கிறார்கள் என்று எழுதி ஊரையே உலுக்கினார். அவர் பெயரில் இன்று இங்கே ஒரு சந்தை இருக்கிறது. களிமண் எடுத்த குழிகளெல்லாம் ஏரிகளாகிவிட்டன, சுற்றி ஆட்கள் நாயோடு ஓடுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில்தான் 1913 செப்டம்பர் 25 அன்று பிட்சான் பிறந்தார். அப்பா ஃப்ரான்டிஷெக் ஹெர்தா வியன்னா கிளப்பில் கால்பந்து ஆடியவர். முதல் உலகப் போரிலிருந்து காயமில்லாமல் திரும்பிய மனிதர், ஒரு ஆட்டத்தில் சிறுநீரகத்தில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து, 1921இல் முப்பது வயதில் செத்துப்போனார். மகனுக்கு அப்போது எட்டு வயது வாக்கில்தான். அம்மா லுட்மிலா உணவகச் சமையலறையில் வேலைக்குப் போனார். பையனுக்கு ஷூ வாங்கக் காசில்லை, வெறுங்காலில்தான் ஆட்டம். பந்து காலில் ஒட்டிக்கொண்டு வருவதற்கு அந்த வெறுங்கால்தான் காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு கதை உண்டு. மகனை ஒருவன் மோசமாகத் தடுக்கி விழுத்தியதும் மைதானத்துக்குள் ஓடி அவனைக் குடையால் சாத்தினாராம். கணவனைக் கால்பந்துக்குப் பறிகொடுத்தவர் வேறு என்ன செய்வார்?

இதே ஃபாவோரிட்டனில் வளர்ந்தவர்தான் மத்தியாஸ் சிண்டெலார், ஆஸ்திரிய அணியின் நட்சத்திரம். மொராவியாவில் பிறந்து, சூளை வேலைக்கு வந்த குடும்பத்தோடு இங்கே வந்தவர். அக்கம்பக்கத் தெருக்களிலிருந்து இப்படி இரண்டு பேர். செக் கால்பந்தின் ஒரு பாதி இந்தச் சந்துகளில்தான் வளர்ந்தது என்றால் பிராக்காரர்கள் கோபப்படுவார்கள், படட்டும்.

வெள்ளி, இன்னும் வியன்னா, அப்புறம் ரயில்

காலையில் நான்காம் எண் மெட்ரோவின் கடைசி நிறுத்தமான ஹூட்டல்டார்ஃப். ரேப்பிட் கிளப்பின் இடம். பிட்சான் ஆடிய பழைய மைதானம் இப்போது இல்லை. அதற்குப் பிறகு வந்த ஸ்டேடியமும் போய், 2016இல் திறந்த மூன்றாவது நிற்கிறது. நடுவில் இருந்ததை வடிவமைத்தவர் கெர்ஹார்ட் ஹனாப்பி, ரேப்பிட்டுக்கே ஆடிய வீரர், தொழிலில் கட்டடக் கலைஞர். ஒரு ஆட்டக்காரர் தன் கிளப்புக்குத் தானே ஸ்டேடியம் வரைந்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஸ்டேடியத்துக்குள் கிளப்பின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பச்சை வெள்ளைச் சட்டைகள், கோப்பைகள், படங்கள். பிட்சானை இங்கே கொண்டுவந்தவர் ரேப்பிட்டின் தடுப்பாட்டக்காரர் ஷ்ராம்ஸைஸ். 1931இல் சேர்ந்தபோது மாதம் 150 ஷில்லிங், ஓரிரு வருடத்தில் 600. பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்கள் தெருவில் நின்ற காலம் அது, அந்தச் சம்பளம் சாதாரணம் இல்லை. 1933–34 சீசனில் 29 கோல் அடித்து ஆஸ்திரிய லீகின் முதலிடம். நூறு மீட்டரை 10.8 நொடியில் ஓடுவார், இரண்டு காலாலும் அடிப்பார். பயிற்சியில் கோலின் மேல்கம்பத்தில் காலி பாட்டில்களை வரிசையாக அடுக்கி இருபது மீட்டர் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டுவார் என்பதும் எல்லோரும் சொல்கிற கதை.

1934 உலகக் கோப்பைக்கு இத்தாலி போன ஆஸ்திரிய அணியில் சிண்டெலாரும் இவரும். ஃப்ரான்ஸுடன் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, அதில் பிட்சான் ஒரு கோல், 3–2. அரையிறுதி மிலானில், சேற்றில், இத்தாலியிடம் 0–1. நடுவர் ஸ்வீடனைச் சேர்ந்த எக்லிண்ட். ஆஸ்திரியருக்குப் போக வேண்டிய பந்தை நடுவரே தலையால் முட்டி இத்தாலிக்காரருக்குக் கொடுத்தார் என்று பிட்சான் கிழவயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் அதே எக்லிண்டுக்குத்தான் இறுதி ஆட்டத்தையும் கொடுத்தார்கள் என்பது பதிவான உண்மை. இறுதியில் இத்தாலி செக்கோஸ்லோவாக்கியாவை 2–1 என்று வென்றது. அதாவது மூன்று நாட்டு அணிக்கு ஆடப்போகிற இந்த மனிதரின் முதல் நாடும் இரண்டாவது நாடும் ஒரே கோப்பையில் ஒரே எதிராளியிடம் தோற்றன.

1935இல் ரேப்பிட்டிலிருந்து அட்மிரா என்ற இன்னொரு வியன்னா கிளப்புக்குப் போனார். அங்கே 1936, 1937 இரண்டு வருடமும் லீக் பட்டம். நகரின் வடக்கே இருந்த அந்தப் பக்கம் நான் போகவில்லை, கிளப்பே பிற்பாடு தெற்கே இடம் மாறிவிட்டது.

மதியம் பிராக் ரயில். நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், ப்ர்னோ தாண்டி ஏதோ ஒரு வயலோரத்தில் காரணம் சொல்லாமல் நிறுத்தியதில் கூடவே ஆனது. பிட்சானும் 1937இல் இதே திசையில் கிளம்பினார். பிராக்கின் ஸ்லாவியா கிளப் கூப்பிட்டது. அடுத்த வருடம் மார்ச்சில் ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்தார்.

சனி, பிராக்

லெட்னா மேட்டில் ஏறினால் ஊரும் ஆறும் பாலங்களும் வரிசையாகக் கீழே தெரியும். எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். நான் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க வந்தவன். ஒரு காலத்தில் ஸ்பார்ட்டா, ஸ்லாவியா என்ற இரண்டு ஜென்ம விரோதிகளுக்கும் இந்த மேட்டில்தான் மைதானம். ஸ்பார்ட்டா இன்னும் இருக்கிறது, மிலடா ஹோராகோவா பெயரிலான பெரிய சாலையில். ஸ்லாவியாவின் ஸ்டேடியம் 1945 மே மாத எழுச்சியின்போது எரிந்தது. மறுபடி கட்டி எழுப்பியதையும் 1950களின் தொடக்கத்தில் அரசு இங்கே இருக்க விடவில்லை, ஊரின் மறுகோடியில் வ்ர்ஷோவிட்சேவுக்குப் போக வேண்டியதாயிற்று. பக்கத்தில் பிரம்மாண்டமான ஸ்டாலின் சிலை எழுந்தது. 1955இல் திறந்து 1962இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தப் பீடத்தில் இப்போது ஒரு ராட்சத மெட்ரோனோம், இசைக்குத் தாளம் காட்டும் கருவி, ஆடிக்கொண்டிருக்கிறது, கீழே பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள்.

பிட்சானின் கோல்களில் பெரும்பகுதி விழுந்தது இந்த மேட்டில். 1938 மத்திய ஐரோப்பியக் கோப்பையை ஸ்லாவியா வென்றது, அதில் இவருக்கு மட்டும் 10 கோல். மிலானின் அம்ப்ரோசியானா, அதாவது இன்றைய இன்டர், இங்கே வந்து 9–0 என்று வாங்கிக்கொண்டு போனது, அதில் நான்கு இவருடையது. இத்தாலி உலக சாம்பியனாக இருந்த வருடம் அது. லெட்னாக்காரர்களுக்கு 1934இன் கடுப்பு கொஞ்சம் தணிந்திருக்கும்.

ஆனால் அதே 1938 உலகக் கோப்பைக்கு பிட்சான் போகவில்லை. செக்கோஸ்லோவாக்கியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார், அலுவலகப் பிசகில் காகிதம் நேரத்துக்கு வரவில்லை. இருபத்து நான்கு வயது, வேகமும் பலமும் உச்சத்தில் இருந்த காலம், அப்போது வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஃப்ரான்ஸின் போர்டோவில் பிரேசிலுடன் நடந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் ப்ளானிச்காவின் கை உடைந்தது, முன்கள வீரர் நெயெட்லியின் கால் உடைந்தது. அவர்கள் இல்லாமல் நடந்த மறு ஆட்டத்தில் 1–2 என்று தோற்று வெளியேறினார்கள்.

ஓல்ட்ரிஹ் நெயெட்லி ஸ்பார்ட்டாவின் ஆள். 1934 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். அங்கேயும் எண்ணிக்கைத் தகராறு! ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் மூன்று கோல்களும் அவருடையதா, இரண்டுதானா என்று எழுபது வருடம் இழுத்து, 2006இல்தான் ஃபிஃபா மூன்று என்று ஒப்புக்கொண்டு அவர் கணக்கை ஐந்தாக்கியது. அவர் 1990இலேயே இறந்துவிட்டார். செக்காரர்களுக்குக் கோல் அடிப்பது வந்த அளவுக்கு ரசீது வாங்கி வைப்பது வரவில்லை போலிருக்கிறது.

இனி போர்க்கால லீக். 1939 மார்ச்சில் ஜெர்மானியர்கள் பிராக்குக்குள் வந்தார்கள், ஸ்லோவாக்கியா தனியாகப் பிரிந்தது, மீதியிருந்த பொஹீமியா–மொராவியாவில் லீக் தொடர்ந்து நடந்தது. அந்த லீகில் பிட்சானின் கோல்கள்: 1939–40இல் 50, அடுத்து 38, 45, 39, 1943–44இல் 57. ஐந்து சீசன் தொடர்ந்து ஐரோப்பாவிலேயே அதிகம். எதிராளி பலவீனம், ஊரே எரியும்போது அடித்த கோல் கோலா என்று குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. செக்காரர்களை ஜெர்மன் ராணுவம் கட்டாயமாகச் சேர்க்கவில்லை, அதனால் மற்ற நாடுகளைப் போல இங்கே அணிகள் ஆளில்லாமல் காலியாகிவிடவில்லை. சந்தேகம் இருந்தால் 1939 நவம்பரைப் பார்க்கலாம்: ப்ரெஸ்லாவில் ஜெர்மன் தேசிய அணியோடு பொஹீமியா–மொராவியா அணி மோதி 4–4. பிட்சான் மூன்று. பிராக்கில் மாணவர்கள் சுடப்பட்டு பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட அதே மாதம். அதுதான் அந்த மூன்றாவது அணிக்காக அவர் ஆடிய ஒரே ஆட்டம்.

சாயங்காலம் டிராம் பிடித்து வ்ர்ஷோவிட்சே, ஸ்லாவியாவின் இன்றைய ஈடன் ஸ்டேடியம். 2008இல் புதிதாகக் கட்டியது, இருபதாயிரம் பேர் வரை கொள்ளும். ஆட்டம் இல்லாத நாள். கடையில் பாதி சிவப்பு பாதி வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு விலையைப் பார்த்து வைத்துவிட்டேன். பக்கத்து மதுக்கடையில் க்ரீம் குழம்பில் ஊறிய மாட்டிறைச்சியும் மாவு உருண்டையும், ஸ்விச்கோவா என்பார்கள். நல்ல பசியோடு போனால்தான் முடிக்கலாம்.

திங்கள், ஓஸ்ட்ராவா

நேற்று முழுக்க மழை, எழுத ஒன்றும் இல்லை.

பிராக்கிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரத்துக்கும் மேல். நிலக்கரி, இரும்பு ஊர். வீட்கோவிட்சே இரும்பாலையின் ஊதுலைகள் 1998இல் அணைந்தன, துருப்பிடித்த குழாய்களோடு அப்படியே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊதுலையின் உச்சியில் கண்ணாடிக் கோபுரம் கட்டி அதற்கு உசேன் போல்ட் பெயரை வைத்துவிட்டார்கள், அவர் இங்கே தடகளப் போட்டிக்கு வழக்கமாக வருவார் என்பதால். 10.8 நொடியில் ஓடிய ஒரு ஆள் இந்த ஆலையின் அணிக்கே ஆடியிருக்கிறார், அவர் பெயரில் இங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை.

போர் முடிந்ததும் பெரிய கிளப்புகள் பிட்சானைத் தேடி வந்தன, யுவென்டஸ் உட்பட. இத்தாலியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேண்டாம் என்று பிராக்கிலேயே தங்கிவிட்டார். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தது செக்கோஸ்லோவாக்கியாவில்.

கட்சியில் சேரச் சொன்னார்கள், சேரவில்லை. நாஜிகளிடமும் சேராதவர், இவர்களிடமும் சேரவில்லை. ஸ்லாவியா நடுத்தர வர்க்கத்துக் கிளப் என்று அரசின் கண்ணில் முள்ளாக இருந்தது. அதை விட்டு இந்த இரும்பாலைத் தொழிலாளர் அணிக்கு வந்தார். பெயர் ஒருவேளை கொஞ்சம் கழுவப்படும் என்று நினைத்திருப்பார். முப்பத்தேழு வயது ஆகப்போகிற நேரத்தில், 1950இல், 22 கோல் அடித்து நாட்டின் லீகில் முதலிடம். மிலடா ஹோராகோவா என்ற அரசியல்வாதியை, அதாவது லெட்னா சாலையின் பெயருக்குச் சொந்தக்காரியை, தூக்கில் போட்ட வருடமும் அதுதான். அந்த வருடத்து எதிர்ப்பு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கட்சி அட்டை இல்லாமல் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவரின் துணிச்சலை, ஊதுலைக்குக் கீழே நின்று யோசித்தால்தான் அளக்க முடிகிறது.

செவ்வாய், ஹ்ராடெட்ஸ் க்ராலோவே

அழகான ஊர். லாபே, ஓர்லிட்சே என்று இரண்டு ஆறுகள் கூடும் இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டேரா, கோச்சார் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வந்து புது ஊரையே வரைந்து கொடுத்திருக்கிறார்கள், ஆற்றங்கரை நடையே போதும். மால்ஷோவிட்சே பகுதியில் 2023இல் திறந்த புது ஸ்டேடியம். பழையதை இடித்தபோது குச்சி மிட்டாய் போலிருக்கும் விளக்குக் கம்பங்களை மட்டும் விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் பிடிவாதமாக வைத்துக்கொண்டார்கள்.

1952இல் பிட்சான் இங்கே வந்தார், ஆட்டக்காரர் பயிற்சியாளர் இரண்டும் அவரே. இரண்டாம் டிவிஷன் கோல்களைச் சேர்க்கலாமா என்ற தகராறு இந்த ஊரைப் பற்றியது. 1953 மே தினத்தில் நடந்ததாக அவர் சொன்ன சம்பவம்: அப்போது நாட்டின் ஜனாதிபதி ஸாபோடோட்ஸ்கி, பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர்வலத்தில் ஸாபோடோட்ஸ்கி வாழ்க என்று ஒலிபெருக்கி கத்த, கூட்டம் பிட்சான் வாழ்க என்று கத்தியது. கட்சிச் செயலாளர் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் ஊரைக் காலி செய் என்றார். செய்தி பரவி ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று கிளம்ப, கட்சிக்காரர்களே திரும்பி ஓடி வந்து, நானாகத்தான் போகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்களாம். சொன்னார், போய்விட்டார்.

இதில் எவ்வளவு அப்படியே நடந்தது, எவ்வளவு சொல்லிச் சொல்லி மெருகேறியது என்று தெரியாது. ஆனால் அதன் பிறகு 1953இலேயே பிராக் திரும்பி, டைனமோ என்று பெயர் மாற்றப்பட்டிருந்த பழைய ஸ்லாவியாவுக்கு ஆடினார், 1955இல் நாற்பத்திரண்டு வயது வாக்கில் நிறுத்தினார். கட்சிக்குப் பிடிக்காதவர், ஆனால் கட்சியால் முழுசாகத் துரத்தவும் முடியாதவர்.

புதன், மறுபடி பிராக்

விஷெஹ்ராட் கோட்டை, ஆற்றுக்கு மேலே. இசையமைப்பாளர்கள் ஸ்மெட்டனா, ட்வோர்ஷாக், எழுத்தாளர் காரெல் சாபெக் எல்லோரும் இருக்கிற இடுகாடு. பிட்சானும் இங்கேதான். 2001 டிசம்பர் 12 அன்று பிராக்கில் இறந்தார், வயது 88. ட்வோர்ஷாக்கைப் பார்க்க வந்த பயணக் கூட்டம் வழிகாட்டியின் குடையைத் தொடர்ந்து போனது. இந்தப் பக்கம் திரும்பியது நானும் பேரனோடு வந்த ஒரு தாத்தாவும்தான். அந்தத் தாத்தா பேரனிடம் என்னவோ சொல்லிக்கொண்டே இடது காலால் ஒரு உதை உதைத்துக் காட்டினார்.

ஆட்டத்தை விட்ட பிறகு வெவ்வேறு செக் அணிகளுக்குப் பயிற்சியாளர். 1968இல் சோவியத் டாங்கிகள் வந்ததற்கு அடுத்த வருடம் பெல்ஜியம் போய் டோங்கரன் என்ற சின்ன ஊரின் அணியை மூன்று வருடம் பார்த்துக்கொண்டார். அந்த 1969இல்தான் பெலே ஆயிரமாவது கோல் அடித்தார் என்று உலகமே கொண்டாடியது. நீங்கள் ஏன் உங்கள் கணக்கைச் சொல்லவில்லை என்று கேட்டபோது, பெலேவைப் போல ஐந்து மடங்கு அடித்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றாராம். நட்பு ஆட்டங்கள், சிறுவர் ஆட்டங்கள் எல்லாம் சேர்த்த கணக்கு அது, நிரூபிக்க வழியில்லை. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகுதான் சொந்த நாட்டில் அவர் பெயரைத் தயக்கமில்லாமல் எடுத்தார்கள்.

கேட்கிறவர்களுக்கு என் தீர்ப்பு: அமெச்சூர் அணி ஆட்டங்களைத் தள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. போர்க்கால லீகைத் தள்ளக்கூடாது. ஹ்ராடெட்ஸ் கோல்களையும் நான் சேர்த்துக்கொள்வேன், இரண்டாம் டிவிஷனுக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை.

விட்டுப்போன இடம் ஒன்று உண்டு. அப்பாவின் சொந்த ஊர், தென் பொஹீமியாவில் ப்ளாட்னா பக்கம் ஸெட்லிட்சே. சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அங்கே போய்த்தான் பிட்சான் செக் மொழியைச் சரளமாக்கிக்கொண்டார். பிராக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் என் ரயில் இன்று ராத்திரி. யாராவது அந்தப் பக்கம் போனால் இரண்டு வரி எழுதிப் போடுங்கள், அந்தப் பாட்டி வீட்டுத் தெருவில் பந்து உதைக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று.